புது எஸ்எஸ்டியில் பூட் ஆகாத லேப்டாப்: குளோனைச் சரிசெய்வதா, ஃபார்மட் அடிப்பதா, கடைக்குக் கொடுப்பதா?

வேலூர், காட்பாடி பக்கம் பழைய லேப்டாப் ஒன்றாவது கிடக்காத வீடு குறைவு. காலேஜ் முடித்த பிள்ளை விட்டுப்போனதாக இருக்கும், இல்லையென்றால் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்ததாக இருக்கும். அதை மறுபடி உருப்படியாக ஓட வைக்க, குறைந்த செலவில் செய்யக்கூடியது ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போடுவது. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. தகராறு அதற்கு அடுத்த நிமிஷம் தொடங்குகிறது. ஸ்க்ரூ எல்லாம் முடுக்கிப் பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. எச்பி என்றால் ‘பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்’ என்று சொல்லி 3எஃப்0 என்று ஒரு குறியீடு காட்டும். மற்ற கம்பெனிகளில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ அல்லது அதே பொருளில் வேறொரு வரி.

இந்த இடத்தில் ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில், லெகசி என்ற பழைய பூட் முறைக்கு மாற்று, தானாக வரும் என்பார் ஒருவர். மறுபடி குளோன் போடு, பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடு என்பார் இன்னொருவர். ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடு, தொல்லை விட்டது என்பார் மூன்றாமவர். கடையில் கொடுத்துவிடு, எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு என்பவர்களும் உண்டு. எல்லா யோசனையும் ஏதோ ஒரு லேப்டாப்புக்குச் சரிதான். உங்கள் லேப்டாப்புக்கு எது சரி என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்துவிடும்: புது டிஸ்க் பயாஸுக்குத் தெரிகிறதா, அந்த லேப்டாப்பில் மறுபடி போட முடியாத சாஃப்ட்வேர் ஏதாவது இருக்கிறதா. முதல் கேள்விக்கு ‘தெரிகிறது’, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் நான் தயங்காமல் புதிதாக விண்டோஸ் போடத்தான் சொல்வேன். மற்றவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளமாகிறது.

பயாஸுக்குத் தெரியவே இல்லை என்றால்

லேப்டாப்பை ஆன் செய்த உடனே எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள், எச்பியில் எஃப்10. திறக்கும் நீலத்திரையிலோ கறுப்புத்திரையிலோ எங்காவது ஓரிடத்தில் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பெயரும் அளவும் இருக்கும். பூட் வரிசையைப் பார்க்காதீர்கள், அது அப்புறம். டிஸ்க் பட்டியலைப் பாருங்கள். அங்கே உங்கள் எஸ்எஸ்டி இல்லையென்றால் குளோன், ஃபார்மட், கட்டளைகள் எதுவும் உதவாது. கோளாறு கம்பியிலோ, ஸ்லாட்டிலோ, வாங்கிய பொருளிலோ இருக்கிறது.

2.5 இன்ச் எஸ்எஸ்டி என்றால் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். பழைய ஹார்டு டிஸ்க்குகள் சில 9.5 மிமீ கனம், எஸ்எஸ்டி 7 மிமீ. பழைய டிஸ்க்கைப் பிடித்திருந்த தகட்டையும் ரப்பரையும் மாற்றிப் போடாமல் அப்படியே செருகினால் எஸ்எஸ்டி ஆடும், கனெக்டர் பாதிதான் உட்காரும். கழற்றி மாட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். லேப்டாப் உள்ளே இருக்கும் பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

எம்.2 என்ற குச்சி வடிவ எஸ்எஸ்டிதான் ஆளை ஏமாற்றும். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், உள்ளே இரண்டு ஜாதி. சாட்டா ஒன்று, என்விஎம்இ ஒன்று. தங்க நிறப் பற்கள் இருக்கும் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான சாட்டா குச்சிகளில் இரண்டு வெட்டு இருக்கும், பெரும்பாலான என்விஎம்இ குச்சிகளில் ஒரே வெட்டு. இரண்டு வெட்டு உள்ள சாட்டா குச்சி என்விஎம்இ ஸ்லாட்டிலும் அழகாக உள்ளே போய்விடும். போய் உட்கார்ந்துகொண்டு, பயாஸில் தலையே காட்டாது. ஸ்லாட்டுக்குப் பின்னால் சாட்டா இணைப்பு இல்லாவிட்டால் அது வேலை செய்ய வழியே இல்லை. குடியாத்தத்தில் என் மச்சானுக்கு இதுதான் நடந்தது. ‘இன்னா மாமா, டிஸ்க்கையே காட்ட மாட்டேங்குது, கடையில எஸ்எஸ்டி செத்துப்போச்சுன்னு சொல்றாங்க’ என்று போன் செய்தார். எஸ்எஸ்டி சாகவில்லை. ஸ்லாட்டுக்குச் சேராத ஜாதி, அவ்வளவுதான்.

இன்னொரு வகை இன்னும் குழப்பும். 2015க்கு முந்தைய லேப்டாப்கள் பலவற்றின் பயாஸுக்கு என்விஎம்இயிலிருந்து பூட் செய்யத் தெரியாது. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் திறந்து பார்த்தால் புது டிஸ்க் டி டிரைவாக நன்றாகவே வேலை செய்யும். பூட் பட்டியலில் மட்டும் வராது. முதலில் பயாஸ் அப்டேட் இருக்கிறதா என்று லேப்டாப் கம்பெனியின் தளத்தில் பாருங்கள். இல்லையென்றால், பென்டிரைவில் விண்டோஸைத் தொடங்கி வைக்கும் வேறொரு புரோகிராம் (பூட்லோடர்) வைத்து அதன் வழியாக உள்ளே நுழையும் வித்தைகள் உண்டு. செய்து பார்க்க ஜாலியாக இருக்கும், ஆனால் அம்மாவோ தங்கையோ தினமும் பயன்படுத்தும் லேப்டாப்பில் அதைச் செய்யாதீர்கள். அந்தப் பென்டிரைவ் ஒருநாள் துணியோடு துவைக்கப் போய்விடும்.

அப்போது இருக்கும் வழி மாற்றி வாங்குவதுதான். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஹார்டு டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும், சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3,500 வரை. காகிதத்தில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் பெரிய இடைவெளி. ஆனால் கணக்கு எழுதும் டேலி திறந்து, குரோம் திறந்து, வேர்டில் தட்டும் ஆளுக்கு ஹார்டு டிஸ்க்கிலிருந்து எதற்கு மாறினாலும் ஒரே சந்தோஷம்தான். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு மட்டும் வித்தியாசம் கண்ணில் படும்.

எங்கே வாங்குவது என்பதும் இங்கேதான் வருகிறது. சென்னை ரிச்சி தெருவில் விலை கொஞ்சம் இறக்கமாக இருக்கலாம், காட்பாடியிலிருந்து ரயிலேறினால் இரண்டு மணி நேரம். ஆனால் ஜாதி மாறிப்போனால் மறுபடி அதே ரயில். மாடல் எண்ணைப் போட்டுத் தேடி, எந்த ஸ்லாட் என்று உறுதியாகத் தெரிந்தவர் அங்கே போகலாம். தெரியாதவர் உள்ளூரிலேயே, மாற்றித் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லும் கடையில் வாங்குவது நல்லது. அந்தச் சில நூறு ரூபாய் வீண் இல்லை.

பயாஸுக்குத் தெரிகிறது, பூட் மட்டும் ஆகவில்லை

பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இது. டிஸ்க் நல்லது, ஸ்லாட் நல்லது. விண்டோஸும் உள்ளே இருக்கிறது. அல்லது இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

காரணம் புரிய இரண்டு ஜோடிகளைத் தெரிந்துகொண்டால் போதும். பழைய முறையில் லெகசி பயாஸும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று குறித்து வைக்கும் எம்பிஆர் என்ற அட்டவணையும் சேர்ந்து வேலை செய்யும். புதிய முறையில் பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐயும், எம்பிஆருக்குப் பதில் ஜிபிடியும். விண்டோஸைப் பொறுத்தவரை ஜோடி மாறினால் பூட் ஆகாது. எம்பிஆர் டிஸ்க்கை யூஇஎஃப்ஐயில் வைத்தாலும் ஆகாது, ஜிபிடி டிஸ்க்கை லெகசியில் வைத்தாலும் ஆகாது. ‘லெகசின்னு மாத்து, வந்துடும்’ என்ற யோசனை சிலருக்குப் பலித்து, சிலருக்கு நிலைமையை மோசமாக்குவது இதனால்தான்.

யூஇஎஃப்ஐ முறையில் இன்னொரு விஷயமும் உண்டு. விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் வேறு, அதைத் தொடங்கி வைக்கும் கோப்புகள் இருக்கும் இடம் வேறு. அந்தத் தொடக்கக் கோப்புகள் இஎஃப்ஐ என்ற தனிப் பிரிவில் இருக்கும். வழக்கமாக 100 எம்பி அளவு, ஃபேட்32 வடிவம், விண்டோஸில் கண்ணுக்கே தெரியாது. குளோன் போடும்போது ‘சி டிரைவ் மட்டும் போதும்’ என்று டிக் அடித்தவர்கள் இதை விட்டுவிடுவார்கள். வீடு மாறும்போது சாமான் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டுச் சாவியைப் பழைய வீட்டு ஆணியிலேயே மாட்டிவிட்டு வந்த கதை.

இதே கதை புதிதாக விண்டோஸ் போட்டவர்களுக்கும் நடக்கும். பழைய டிஸ்க்கையும் மாட்டியபடியே புது எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட்டால், இன்ஸ்டாலர் பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பிரிவிலேயே தொடக்கக் கோப்புகளை வைத்துவிடுவது உண்டு. இரண்டும் மாட்டியிருக்கும் வரை எல்லாம் சரியாக ஓடும். ஒரு வாரம் கழித்துப் பழையதைக் கழற்றினால் கறுப்புத் திரை. எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று பழி போடுவார்கள், பாவம்.

உங்கள் லேப்டாப் எந்த ஜோடி என்று பார்ப்பது சுலபம். பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டி விண்டோஸுக்குள் போங்கள். தேடல் பெட்டியில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தட்டினால் திறக்கும் பட்டியலில் ‘பயாஸ் மோட்’ என்ற வரியில் லெகசி அல்லது யூஇஎஃப்ஐ என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் பயாஸில் எதையும் மாற்றாதீர்கள். மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வையுங்கள்.

குளோனைச் சரிசெய்வது யாருக்கு லாபம்

மறுபடி போட முடியாத, அல்லது போடுவதற்குள் உயிர் போகும் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கு.

என் மச்சான் லேப்டாப்பையே எடுத்துக்கொள்ளலாம். குடியாத்தத்தில் லுங்கி நெசவுக்காரர்கள் சிலருக்கும் தீப்பெட்டி யூனிட் ஒன்றுக்கும் கணக்கு எழுதுகிறார். அதில் டேலி இருக்கிறது. டேலி லைசென்ஸ் அந்த கம்ப்யூட்டரோடு பிணைந்தது; முறையாகச் சரண்டர் செய்துவிட்டுத்தான் ஃபார்மட் அடிக்க வேண்டும். ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் கையெழுத்துப் போடும் டிஜிட்டல் டோக்கன், அதன் டிரைவர், அதற்கு ஒரு கையெழுத்து மென்பொருள். பழைய பிரிண்டர், அதன் சிடி எங்கே போனதோ. இப்படிப்பட்ட லேப்டாப்பில் ‘ஃபார்மட் அடிச்சிடலாம்’ என்பது சொல்கிறவருக்குச் சுலபம், மச்சானுக்கு ஒரு வாரத் தலைவலி. திருமணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைகளும் இதே வகை. பழைய பேஜ்மேக்கர், அதற்கான தமிழ் எழுத்துருக்கள், ஒவ்வொன்றையும் திரும்பச் சேர்ப்பதற்குள் முகூர்த்த நாள் தாண்டிவிடும்.

இவர்களுக்குக் குளோன்தான். அது பூட் ஆகவில்லை என்றால், நான் போகும் வரிசை இது. முதலில் பழைய டிஸ்க்கை முழுதாகக் கழற்றிவிட்டுப் புதியதை மட்டும் வைத்து ஆன் செய்வேன். குளோன் என்பதால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடையாள எண். இரண்டையும் ஒன்றாக மாட்டினால் விண்டோஸ் குழம்பும். சிலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

முடியவில்லை என்றால், 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் இன்ஸ்டாலரை இறக்கிக்கொண்டு அதிலிருந்து பூட் செய்ய வேண்டும். மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். அங்கே பிரிவுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கட்டளை வழியாக அந்த 100 எம்பி பிரிவுக்கு ஒரு எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட் என்ற கட்டளையில் விண்டோஸ் கோப்புறையையும் அந்த எழுத்தையும் சொன்னால், தொடக்கக் கோப்புகளைப் புதிதாக எழுதித் தரும். பயாஸ் பூட் பட்டியலில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்ற பெயரும் திரும்ப வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தச் சாளரத்தில் சி என்று காட்டுவது உங்கள் சி ஆக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. உள்ளே விண்டோஸ் கோப்புறை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டளை கொடுங்கள். அதே பென்டிரைவில் வரும் ‘ஸ்டார்ட்அப் ரிப்பேர்’ பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். நான் அதன்மேல் நம்பிக்கை வைப்பதில்லை. பூட்டைச் சரிசெய்ய என்று இணையத்தில் எல்லோரும் எழுதும் பூட்ரெக் கட்டளையும் யூஇஎஃப்ஐ லேப்டாப்பில் பல நேரம் ‘ஆக்சஸ் டினைட்’ என்று கைவிரித்துவிடும்.

குளோன் எம்பிஆராக இருந்து லேப்டாப் யூஇஎஃப்ஐயை மட்டுமே ஏற்கும் என்றால், எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. விண்டோஸ் 10இன் 2017 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. டேட்டாவை அழிக்காமல் மாற்றும். நிபந்தனை உண்டு: முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, நீட்டிப்புப் பிரிவு இருக்கவே கூடாது. விலையில்லா மடிக்கணினிகள் இங்கேதான் முரண்டு பிடிக்கும். அவற்றில் பல, விண்டோஸும், அதற்கு மாற்றான இன்னொரு இயங்குதளமான பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக், சென்னையில் உருவாக்கிய அந்த லினக்ஸை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள். திறக்காவிட்டாலும் டிஸ்க்கில் அதற்கென்று பிரிவுகள் இருக்கும், கருவி அவற்றைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடும்.

விண்டோஸ் லோகோ வந்து, நீலத்திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று நின்றால், அது வேறு நோய். தொடக்கக் கோப்புகள் சரி, விண்டோஸுக்கு டிஸ்க்கோடு பேசும் டிரைவர்தான் கிடைக்கவில்லை. பயாஸில் டிஸ்க் இயங்கும் முறையைச் சொல்லும் ஏஹெச்சிஐ, ஆர்எஸ்டி, விஎம்டி என்று ஏதாவது ஒன்றை மாற்றியிருந்தால் பழையபடி வையுங்கள். எதையும் மாற்றவில்லை, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குக் குளோன் போட்டதுதான் காரணம் என்றால், சேஃப் மோட் என்ற அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஓடும் நிலையில் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தாலே பல நேரம் சரியாகிவிடுகிறது.

குளோன் போடும்போதே கவனிக்க வேண்டியவையும் சில. டிஸ்க்கை வெளியிலிருந்து யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டியில் எஸ்எஸ்டியை வைத்துக் குளோன் போட்டு, பிறகு உள்ளே மாட்டுவதுதான் வழக்கம். சில பெட்டிகள் டிஸ்க்கின் செக்டர் (டேட்டாவை எழுதும் சிறு கட்டம்) அளவை 512க்குப் பதில் 4096 பைட் என்று மாற்றிச் சொல்லும். உள்ளே மாட்டியதும் அட்டவணையே பொருந்தாமல் டிஸ்க் காலியாகத் தெரியும். அப்போது வேறு பெட்டி, அல்லது எஸ்எஸ்டியை உள்ளே மாட்டிப் பழையதை வெளியே வைத்துக் குளோன். டிஸ்க்கை மறைகுறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் முதலில் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். அந்தச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அப்புறம் கரண்ட். பேட்டரி செத்த லேப்டாப்பில் குளோன் ஓடும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சித்திரை வெயிலில், எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் ராத்திரியில் இதைத் தொடங்காதீர்கள்.

ஃபார்மட் அடிப்பது: மற்ற எல்லோருக்கும்

பிள்ளையின் படிப்பு, படங்கள், இணையம், கொஞ்சம் வேர்டு என்று மட்டும் ஓடும் லேப்டாப்பில் குளோனோடு மல்லுக்கட்டுவது நேர விரயம். ஏழெட்டு வருஷக் குப்பையையும் சேர்த்துத்தான் அது புது டிஸ்க்குக்கு வருகிறது. எஸ்எஸ்டியில் விண்டோஸ் போட அரை மணி நேரம் ஆகும். லைசென்ஸ் பற்றிப் பலருக்கும் பயம், தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்ற லேப்டாப்களில் சாவி மதர்போர்டிலேயே இருக்கும். டிஜிட்டல் லைசென்ஸும் போர்டைத்தான் பார்க்கிறது, டிஸ்க்கைப் பார்ப்பதில்லை. அதே பதிப்பைப் போட்டால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

செய்யும்போது பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிடுங்கள். பென்டிரைவை பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கும்போது அதே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். எந்த டிஸ்க் என்று கேட்கும் திரையில், புது எஸ்எஸ்டியில் இருக்கும் பிரிவுகள் எல்லாவற்றையும் அழித்து, மொத்தமும் காலி இடம் என்று காட்டும்போது அடுத்து என்று அழுத்துங்கள். தேவையான பிரிவுகளை இன்ஸ்டாலரே ஜிபிடியில் போட்டுக்கொள்ளும்.

அந்தத் திரையில் டிஸ்க்கே காட்டவில்லை, பயாஸில் காட்டுகிறது என்றால் பயப்பட வேண்டாம். 11ஆம் தலைமுறை இன்டெல்லும் அதற்குப் பிந்தையதும் உள்ள பல லேப்டாப்களில் இது நடக்கும். விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் ஒளிந்திருக்கும், இன்ஸ்டாலரில் அதற்கான டிரைவர் இல்லாமல் போகும். லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு கோப்புறையில் வைத்து, ‘லோட் டிரைவர்’ கொடுத்தால் டிஸ்க் தலைகாட்டும்.

விண்டோஸ் 11 கடைசித் திரைகளில் இணையம் இல்லாமல் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதே நேரம் வைஃபை டிரைவரும் இருக்காது. போனை கேபிளில் மாட்டி, அதன் இணையத்தை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் தனி டிரைவர் இல்லாமலே எடுத்துக்கொள்ளும்.

எந்த விண்டோஸ் என்பது இன்னொரு கேள்வி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது; வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பும் பதிந்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11 முறைப்படி போட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, நம்பகமான பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் செய்யக்கூடிய யூஇஎஃப்ஐ, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதைவிடப் பழைய லேப்டாப்பில் இணையமும் படிப்பும் மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள் என்பேன். இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சத்தம், தமிழ்த் தட்டச்சு எல்லாம் வேலை செய்கிறதா என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கலாம்.

லெகசிக்கு மாற்றுவது

மிகச் சுலபமான வழி, அதனாலேயே கடைகளுக்குப் பிடித்த வழி. பழைய டிஸ்க் எம்பிஆர், குளோனும் எம்பிஆர், லேப்டாப்பில் லெகசி வசதியும் இருக்கிறது என்றால் இரண்டு நிமிஷ வேலை. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்புக்கு இதுவே போதும். அதில் வேறு எதையும் தேடி அலையாதீர்கள். கொஞ்சம் புதிய லேப்டாப்பில் இதைத் தற்காலிகமாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் விண்டோஸ் 11க்கு முறைப்படி மாறும் நாளில் எப்படியும் யூஇஎஃப்ஐக்கு வர வேண்டும். அண்மைக் காலத்து லேப்டாப்களில் பலவற்றில் லெகசி என்ற பேச்சே பயாஸில் இருக்காது. ஏசர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: செக்யூர் பூட் போன்றவை மங்கலாகத் தெரிந்து மாற்ற விடாவிட்டால், முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்று வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடுங்கள், மறந்துபோனால் பெரிய ரோதனை.

டிவிடி இருக்கும் இடத்தில், டிஸ்க்கைப் பொருத்தும் சட்டமான கேடி போட்டுப் பழைய டிஸ்க்கையும் வைத்துக்கொள்ள ஆசைப்படுபவர்கள் தாராளமாகச் செய்யலாம். எஸ்எஸ்டி முதன்மை இடத்தில், ஹார்டு டிஸ்க் கேடியில். மாற்றி வைத்தால் சில லேப்டாப்கள் அந்த இடத்திலிருந்து பூட் ஆகாது. 9.5 மிமீ, 12.7 மிமீ என்று கேடியில் இரண்டு கனம் உண்டு, அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டி தனியாக பூட் ஆன பிறகு மாட்டுங்கள்.

கடைக்குக் கொடுப்பது

கடைக்குக் கொடுப்பது தவறே இல்லை. ஸ்க்ரூ தேய்ந்து சுழல்கிறது, கீழ் மூடி நகத்துக்கு அசையவில்லை, ரிப்பன் கேபிள் கிழிந்தது என்றால் நேரே கடைக்குப் போங்கள். வீட்டில் கத்தி வைத்து நெம்பி மூடியை உடைப்பதைவிட அவர்கள் கூலி குறைவு. காட்பாடியில் விஐடி பல்கலைக்கழகம் இருப்பதால் லேப்டாப் சர்வீஸ் கடைகளுக்கும் பஞ்சமில்லை.

ஆனால் பூட் பிரச்சினைக்கு மட்டும் என்றால், கொடுக்கும் முன் வாயைத் திறந்து பேசிவிட வேண்டும். ‘அண்ணே, பழைய டிஸ்க்கை அழிக்கக் கூடாது, அதை அப்படியே திருப்பிக் கொடுங்க’ என்பது முதல் பேச்சு. ‘லேப்டாப்போட வந்த விண்டோஸ் ஹோம் பதிப்பையே போடுங்க’ என்பது இரண்டாவது. பல கடைகளில் கையில் இருக்கும் பென்டிரைவில் ப்ரோ பதிப்பும் அதை ஏமாற்றி ஆக்டிவேட் செய்யும் ஒரு திருட்டுக் கருவியும் தயாராக இருக்கும். போர்டில் காசு கொடுத்து வாங்கிய சாவி சும்மா கிடக்க, திருட்டு ஜன்னல் வழியாக நுழைவானேன்? வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டி கடவுச்சொல்லும் தட்டும் லேப்டாப்பில் அந்தக் கருவி இருப்பது எனக்குச் சம்மதமில்லை. மூன்றாவது, எந்த முறையில் போட்டார்கள் என்று கேளுங்கள். ‘யூஇஎஃப்ஐல தான் போட்டிருக்கோம்’ என்று சட்டென்று பதில் வந்தால் வேலை தெரிந்தவர். ‘அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்’ என்றால் வேறு கடை பாருங்கள்.

‘எஸ்எஸ்டி போயிடுச்சு, வேற வாங்கணும்’ என்று சொன்னால் மட்டும் உடனே பணம் எடுக்காதீர்கள். அதே எஸ்எஸ்டியை அதற்குப் பொருந்தும் யுஎஸ்பி பெட்டியில் மாட்டி இன்னொரு கம்ப்யூட்டரில் காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் முழு அளவும் தெரிந்தால் அது சாகவில்லை. தெரியவே இல்லை என்றால் வாரண்டிக்கு அனுப்புங்கள், பில்லைத் தொலைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மச்சானுக்கு என்ன ஆனது என்று கேட்டால், குச்சியை மாற்றி என்விஎம்இ வாங்கி, குளோன் போட்டு, பிசிடிபூட் ஒருமுறை கொடுத்ததில் டேலி திறந்துவிட்டது. பழைய டிஸ்க்கில் வேறு எதையாவது ஏற்றிக்கொள்ளலாமா என்று மறுநாளே கேட்டார். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி படிவம் தாக்கல் ஆகிற வரைக்கும் அதைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.